கார் கண்ணாடிக்கு சன் ஃபிலிம்: எதை வாங்குவது, யாரிடம் ஒட்டுவது?

சன் ஃபிலிம் ஒட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எவ்வளவு கறுப்பாக ஒட்டலாம்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்கலாம். வெப்பம் குறைவதும் குறையாததும் ஃபிலிமுக்குள் என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது பல வருடம் அப்படியே இருப்பதும், சில மாதங்களில் ஓரம் கிளம்பி வருவதும் ஒட்டுகிற கையைப் பொறுத்தது. கடையில் பேச உட்காருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைக் கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

ஃபிலிம் ஒட்டுவதால் உண்மையில் என்ன பயன்?

கண் கூசுவது குறையும், புற ஊதாக் கதிர் ஏறக்குறைய முழுவதும் தடுக்கப்படும், சீட்டும் டேஷ்போர்டும் வெளிறிப்போவது தாமதமாகும், வெயில் நேராக உடம்பில் படும்போது வரும் எரிச்சல் தணியும். ஏசி சீக்கிரம் பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரை வெயிலில் பல மணி நேரம் பூட்டி நிறுத்தினால், எந்த ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். கூரை வழியாகவும் கதவுத் தகடு வழியாகவும் வெப்பம் வருகிறது, வந்த வெப்பம் வெளியேற வழியில்லை. ஃபிலிம் அந்த ஏற்றத்தை மெதுவாக்கும், ஸ்டீயரிங்கும் சீட்டும் தொட முடியாத அளவுக்குக் கொதிப்பதைக் குறைக்கும். பயன் நன்றாகத் தெரிவது ஓட்டும்போதுதான். ஃபிலிம் ஒட்டிய கார் என்பதால் குழந்தையையோ நாயையோ பூட்டிய காருக்குள் "அஞ்சு நிமிஷம்தானே" என்று விட்டுப்போக ஒருபோதும் கூடாது.

கறுப்பு அதிகமானால் குளிர்ச்சியும் அதிகம் இல்லையா?

இல்லை. பூமிக்கு வரும் சூரிய ஆற்றலில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 44 சதவீதம். புற ஊதா 5 சதவீதத்துக்கும் குறைவு. சாதாரணச் சாயம் போட்ட ஃபிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் குறைக்கிறது, அகச்சிவப்பைப் பெருமளவு உள்ளே விட்டுவிடுகிறது. அதனால் கார் இருட்டாக இருக்கும், ஆனால் கை மேல் வெயில் சுடும். அந்தச் சாயம் உறிஞ்சிக்கொள்ளும் ஒளியும் எங்கும் போய்விடுவதில்லை. கண்ணாடியைச் சூடாக்கி, அதில் ஒரு பகுதி வெப்பமாக உள்ளேயே வருகிறது.

நல்ல செராமிக் ஃபிலிம் (அகச்சிவப்பை உறிஞ்சும் நுண்துகள்கள் கொண்டது) ஏறக்குறையத் தெளிவாக இருந்துகொண்டே, கன்னங்கரேலென்ற மலிவு ஃபிலிமுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வெப்பத்தைத் தடுக்க முடியும். கறுப்பு தருவது மறைவும் கூச்சக் குறைவும். உங்களுக்கு வேண்டியது குளிர்ச்சி என்றால் கறுப்புக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கடையில் சொல்லும் எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

நான்கு எண்கள் வரும். வி.எல்.டி. என்பது எத்தனை சதவீத ஒளி உள்ளே வருகிறது என்பது, எண் குறைந்தால் கறுப்பு கூடும். யு.வி. என்பது புற ஊதாத் தடுப்பு. இதில் ஓரளவு தரமான எந்த ஃபிலிமும் 99 சதவீதம் என்றே சொல்லும், அதை வைத்து ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. மூன்றாவது ஐ.ஆர்., அதாவது அகச்சிவப்புத் தடுப்பு. நான்காவது டி.எஸ்.இ.ஆர்., மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பது. நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது இந்த நான்காவதைத்தான்.

ஐ.ஆர். எண்தான் அதிகம் ஏமாற்றுவது. அகச்சிவப்பு என்பது 780 நானோமீட்டரில் தொடங்கி 2500 வரை நீளும் ஒரு பெரிய பட்டை. சில நிறுவனங்கள் அதில் ஃபிலிம் நன்றாக வேலை செய்யும் ஒரு குறுகிய இடத்தை மட்டும், உதாரணமாக 950 அல்லது 1000 நானோமீட்டரை ஒட்டி, அளந்து "97 சதவீதம்" என்று அச்சிடுகின்றன. இன்னொரு நிறுவனம் பட்டை முழுவதையும் அளந்து 85 என்று நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். எண்ணை மட்டும் பார்க்கிறவர் முதலாவதை வாங்கிப்போவார். எந்த அலைநீளத்தில் அளந்தது என்று கேளுங்கள்.

டி.எஸ்.இ.ஆரிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சில அட்டவணைகளில் வெயில் 60 டிகிரி சாய்வாக விழும்போது அளந்த எண் இருக்கும். அப்போது கண்ணாடியே நிறையப் பிரதிபலித்துவிடுவதால் எண் பெரிதாகத் தெரியும். அப்புறம் அந்த எண்ணில் கண்ணாடியின் பங்கும் சேர்ந்தே இருக்கிறது. ஃபிலிமே இல்லாத 3 மி.மீ. தெளிவான கண்ணாடி தானாகவே 14 சதவீதம் போலத் தடுத்துவிடும். ஆகவே ஒரே மாதிரிக் கண்ணாடியில், ஒரே கோணத்தில் அளந்த எண்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பேனா எடுத்து நீங்களே சரிபார்க்கக்கூடிய ஒரு கணக்கும் உண்டு. 70 சதவீத ஒளியை உள்ளே விடும் ஃபிலிம் என்றால், அந்த ஒளியோடு 44இல் 70 சதவீதம், அதாவது சூரிய ஆற்றலில் ஏறக்குறைய 31 சதவீதம் உள்ளே வந்தே தீரும். அகச்சிவப்பையும் புற ஊதாவையும் ஒரு துளி விடாமல் தடுத்தாலும் மொத்தத் தடுப்பு 69ஐத் தாண்டாது. "70 சதவீதத் தெளிவு, 90 சதவீத வெப்பத் தடுப்பு" என்று ஒரு கடை சொன்னால், அது இயற்பியலில் நடக்காத காரியம். அங்கே மேற்கொண்டு பேச வேண்டாம்.

சாயம், மெட்டல், கார்பன், செராமிக்: வித்தியாசம் என்ன?

எல்லாவற்றுக்கும் அடிப்படை பாலியெஸ்டர் தாள்தான். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கீறல் விழாமல் இருக்க ஒரு கடினப் பூச்சு. நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான் பெயர் மாறுகிறது.

சாய ஃபிலிம் மலிவு. கூச்சம் குறைக்கும், மறைவு தரும், வெப்பத்தில் சுமார்தான். காலப்போக்கில் நிறம் மங்கி ஊதாவாக மாறுவது இந்த வகைதான். பழைய கார்களில் கத்தரிப்பூ நிறத்தில் பார்த்திருப்பீர்கள்.

மெட்டல் ஃபிலிமில் மிக மெல்லிய உலோகப் படலம் இருக்கும். வெப்பத்தைப் பிரதிபலித்துத் திருப்பி அனுப்பும், நிறமும் மங்காது. குறை என்னவென்றால் வெளியிலிருந்து பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும், ரேடியோ அலைகளையும் தடுக்கும்.

கார்பன் இரண்டுக்கும் நடுவில். கார்பன் துகள் நிறம் மங்காது, பளபளப்பில்லாத கறுப்பு வரும், சிக்னலைத் தடுக்காது. செலவு கட்டுப்படி ஆக வேண்டும், ஆனால் ஃபிலிம் நீடிக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

செராமிக்கில் அகச்சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து உறிஞ்சும் உலோக ஆக்சைடு, நைட்ரைடு நுண்துகள்கள் இருக்கின்றன. தெளிவும் வெப்பத் தடுப்பும் ஒன்றாக வேண்டும் என்றால் இதுதான் வழி. இதற்கு மேலே, 200க்கும் அதிகமான மிக மெல்லிய பாலிமர் அடுக்குகளை அடுக்கி அகச்சிவப்பைப் பிரதிபலிக்க வைக்கும் ஃபிலிம்களும் உண்டு. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். "செராமிக்" என்று பெயர் போட்டதெல்லாம் ஒரே தரம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். நுண்துகள்கள் கொஞ்சமே கலந்திருந்தாலும் அந்தப் பெயரை அச்சிட்டுவிடலாம். மறுபடியும் டி.எஸ்.இ.ஆர். எண்ணிடம்தான் போக வேண்டும்.

35 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 35 சதவீத ஒளி வருமா?

வராது. கார் கண்ணாடியே கொஞ்சம் ஒளியைக் குறைக்கும். கண்ணாடி 78 சதவீதம் விடுகிறது, ஃபிலிம் 35 சதவீதம் விடுகிறது என்றால், இரண்டையும் பெருக்கினால் 27தான் மிஞ்சும். சட்டத்தில் சொல்லும் வரம்பு பொதுவாகக் கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவுக்கானது. "50 சதவீத ஃபிலிம்தான் ஒட்டினேன், எதற்கு அபராதம்?" என்ற சண்டை இங்கேதான் தொடங்குகிறது. ஒட்டுவதற்கு முன் உங்கள் வெறும் கண்ணாடியை மீட்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உருப்படியான கடையில் அந்த மீட்டர் இருக்கும்.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும், கண்ணாடிக்குக் கண்ணாடியும் மாறும். பிரிட்டனில் 1985 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களுக்கு முன் கண்ணாடியில் 75 சதவீத ஒளியும், முன் கதவுக் கண்ணாடியில் 70 சதவீத ஒளியும் வர வேண்டும். மலேசியாவில் 2019 முதல் முன் கண்ணாடி 70, முன் கதவு 50, பின்பக்கத்துக்கு வரம்பு இல்லை. இந்தியாவில் கண்ணாடிக்கான வரம்பு முன்னும் பின்னும் 70, பக்கவாட்டில் 50. ஆனால் ஃபிலிம் ஒட்டுவதையே 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பிற்பாடு மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டதை வைத்து, அந்த வரம்புக்குள் இருந்தால் ஃபிலிமுக்கு இடமுண்டு என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீங்கள் கார் ஓட்டும் இடத்தில் இன்று என்ன விதி, சாலையில் அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பதைப் போக்குவரத்துத் துறையின் பக்கத்திலேயே பாருங்கள். "எல்லாரும் ஒட்டுறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சொல்வார். நிறுத்திக் கேட்கும்போது ஓட்டுநர் இருக்கையில் இருக்கப்போவது அவர் கிடையாது. வரம்புக்குள் ஒட்டினாலும், ஃபிலிமின் பெயரும் சதவீதமும் எழுதிய பில்லைக் காரிலேயே வையுங்கள்.

முன் கண்ணாடிக்கும் ஒட்டலாமா?

காரில் மிகப் பெரிய கண்ணாடி அதுதான், வெயிலும் அதன் வழியாகத்தான் அதிகம் வருகிறது. அதனால் சட்டம் விடுமானால், தெளிவான செராமிக் ஃபிலிமை முன் கண்ணாடியில் ஒட்டுவதுதான் ஏசி வேலையைக் குறைக்கச் சிறந்த வழி. கறுப்பாக ஒட்டுவது வேண்டவே வேண்டாம்.

புற ஊதாவுக்காக மட்டும் என்றால் முன் கண்ணாடிக்கு ஃபிலிம் தேவையில்லை. அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. அந்தத் தாளே பெரும்பகுதி புற ஊதாவைத் தடுத்துவிடுகிறது.

இரண்டு சிக்கல்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதலாவது பால்மங்கல். சில செராமிக் ஃபிலிம்களில் காலை, மாலைச் சாய்வு வெயில் நேராகப் படும்போது கண்ணாடி முழுக்க மெல்லிய புகை படிந்த மாதிரி தெரியும். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் இது தெரியாது. மாதிரித் துண்டை வாங்கி, வெளியே போய்க் கண்ணாடியில் வைத்து, சூரியன் பக்கம் திரும்பிப் பாருங்கள். இரண்டாவது, சாலைக் கோடுகளைக் கவனிக்கும் தடக் கேமரா, மழை சென்சார், முன் கண்ணாடியில் வேகம் காட்டும் திரை ஆகியவை. கேமராவும் சென்சாரும் பார்க்கும் இடத்தில் ஃபிலிமை வெட்டி விலக்க வேண்டியிருக்கலாம். காரின் கையேட்டில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இரவில் ஓட்டக் கஷ்டமாக இருக்குமா?

கறுப்பாக இருந்தால் கட்டாயம் இருக்கும். இதைத்தான் பலரும் பகல் வெயிலில் நின்றுகொண்டு முடிவு செய்கிறார்கள். இரவில், மழையில், தெருவிளக்கு இல்லாத குறுகிய தெருவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். கறுப்பு உடுப்பு போட்டு நடந்து வருகிறவர், லைட் இல்லாத சைக்கிள் எல்லாம் அங்கேதான் மறைந்துபோகிறார்கள். வயது கூடக் கூடக் கண்ணுக்குள் போகும் ஒளியும் குறைகிறது. இருபது வயதில் சரியாகத் தெரிந்த ஃபிலிம் அறுபது வயதுக்காரருக்குச் சுவர்தான். வீட்டில் யாரெல்லாம் அந்தக் காரை ஓட்டுவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சட்டம் அதிகக் கறுப்பை அனுமதித்தாலும் முன் கதவுகளில் லேசான ஃபிலிமையே ஒட்டுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மறைவு வேண்டுமென்றால் பின்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

ஃபிலிம் ஒட்டினால் போன், ஜி.பி.எஸ்., சுங்கச்சாவடி ஸ்டிக்கர் வேலை செய்யுமா?

மெட்டல் ஃபிலிமில் மட்டும்தான் தொல்லை வரும். சாயம், கார்பன், செராமிக் மூன்றிலும் பொதுவாக வராது. பின் கண்ணாடியிலேயே ரேடியோ ஆன்டெனா பதித்த கார் என்றால் மெட்டலைத் தொடாதீர்கள்.

கம்பெனியிலிருந்தே பின்பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு வந்த கார். அதற்கும் ஃபிலிம் வேண்டுமா?

அது கண்ணாடிக்குள்ளேயே கலந்த நிறம். மறைவு தரும், வெப்பத்தையும் ஓரளவு உறிஞ்சும். ஆனால் நல்ல செராமிக் அளவுக்குத் தடுக்காது. பின் சீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ உட்கார்கிறார்கள் என்றால் அதன் மேல் தெளிவான செராமிக் ஒன்றை ஒட்டலாம், கறுப்பு பெரிதாக அதிகரிக்காது. ஏற்கெனவே கறுப்பான கண்ணாடியில் மேலும் கறுப்பு ஒட்டினால் பெருக்கல் கணக்குப்படி உள்ளே இருட்டுத்தான்.

தோல் பிரச்சினைக்காக ஒட்டுகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

கதவுக் கண்ணாடிகளைத்தான். புற ஊதாவில் பி வகையைச் சாதாரணக் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடும். தோலுக்குள் ஆழமாகப் போகும் ஏ வகையைக் கதவுக் கண்ணாடி கணிசமாக உள்ளே விடுகிறது. ஏ வகை 400 நானோமீட்டர் வரை நீள்கிறது. ஆனால் பல ஃபிலிம்களின் 99 சதவீதம் 380 வரை மட்டுமே அளந்தது. 400 வரை தடுக்கும் ஃபிலிம் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். இதற்குக் கறுப்பு தேவையே இல்லை, தெளிவான ஃபிலிமிலேயே கிடைக்கும்.

கடையில் விளக்கு வைத்துக் காட்டும் சோதனையை நம்பலாமா?

ஒரு சூட்டு விளக்கு, நடுவில் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, மறுபக்கம் உங்கள் கை. ஃபிலிம் இருக்கும்போது கை சுடாது, எடுத்தால் சுடும். நேரில் உணரும்போது மனம் உடனே நம்பிவிடும். ஆனால் அந்த விளக்கு ஏறக்குறைய முழுவதும் அகச்சிவப்பு. வெயிலில் பாதிதான் அகச்சிவப்பு. அதோடு, உறிஞ்சும் ஃபிலிம் முதல் சில நொடிகள் நன்றாகத் தடுத்துவிட்டு, தானே சூடானபின் வெப்பத்தை உள்ளே விடத் தொடங்கும். கையைச் சில நிமிடம் அங்கேயே வைத்திருங்கள். இரண்டு ஃபிலிம்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அதைவிட, அதே ஃபிலிம் ஒட்டிய காரில் நண்பகலில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஒட்டுபவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஃபிலிமைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நடுத்தர ஃபிலிமைக் கைதேர்ந்தவர் ஒட்டினால் வருடக்கணக்கில் தொல்லை இல்லை. உயர்தர ஃபிலிமை அவசரக்காரர் ஒட்டினால் ஒரு கோடைக்குள் ஓரம் சுருளும்.

முதலில் அவர் ஒட்டிய காரைப் பாருங்கள். இன்று முடித்ததைவிட, ஒரு வருடம் ஓடிய காரைக் காட்டச் சொல்லுங்கள். கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். ஃபிலிம் கண்ணாடியின் விளிம்பை ஒட்டி, ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல், கண்ணாடியின் வளைவோடு ஒரே கோடாகப் போக வேண்டும். நகத்தால் வருடினால் தூக்கக் கூடாது. அடுத்து உள்ளே உட்கார்ந்து வானத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். தூசிப் புள்ளி ஒன்றிரண்டு எந்த நல்ல வேலையிலும் இருக்கும். மணல் தூவியதுபோல் இருந்தால் வேறு கடை பாருங்கள்.

வேலை நடக்கும் இடத்தையும் பாருங்கள். மூடிய அறை, ஈரத் தரை, காற்று அடிக்காத இடம் என்றால் நல்லது. தெருவோரத்தில், லாரி போகும் புழுதியில், மரத்தடியில் ஒட்டும் கடையில் எவ்வளவு திறமைசாலி இருந்தாலும் தூசி உள்ளே போய்விடும். வேலை செய்பவர் கண்ணாடியை எத்தனை முறை கழுவுகிறார் என்று கவனியுங்கள். பிளேடால் சுரண்டி, கழுவி, தண்ணீரை வழித்து, மறுபடி கழுவி, ரப்பர் இடுக்கில் ஒளிந்திருக்கும் தூசியை வெளியே கொண்டுவருபவர் தொழில் தெரிந்தவர். ஒட்டுவதைவிடக் கழுவுவதற்கு அதிக நேரம் எடுத்தால் சந்தோஷப்படுங்கள்.

ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் நிறையத் தெளிப்பார்கள். அது கதவுக்குள் வழிந்து ஜன்னல் சுவிட்ச், ஸ்பீக்கர், பின்பக்க ஒயர்களில் இறங்கினால் பிரச்சினை பிறகு ஒருநாள் வரும். கதவின் மேல் துண்டு போட்டு மூடுகிறாரா, டேஷ்போர்டை மூடுகிறாரா என்று பாருங்கள். முன் கண்ணாடி ஒட்டும்போது இது இன்னும் முக்கியம். டேஷ்போர்டுக்கு அடியில்தான் மின்னணுச் சாதனங்கள் நெருக்கமாக இருக்கின்றன.

பின் கண்ணாடியை ஒரே துண்டாக ஒட்டுவாரா என்று கேளுங்கள். வளைந்த கண்ணாடியில் ஃபிலிமை வெளிப்பக்கம் விரித்து, ஹீட் கன்னால் சுருக்கி வளைவுக்கு ஏற்றபின் உள்ளே ஒட்டுவதுதான் முறை. அது தெரியாதவர்கள் கீற்றுக் கீற்றாக வெட்டி இணைப்பார்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் காரில் கை வைக்கப்போவது யார் என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேசுபவர் ஒருவர், ஒட்டுபவர் வேறொருவர் என்பது சகஜம். நீங்கள் பார்த்த அழகான வேலையைச் செய்தவர் அன்று விடுப்பில் இருந்தால், அவர் வரும் நாளுக்குக் கொடுங்கள்.

கையால் வெட்டுவது நல்லதா, மெஷினில் வெட்டுவதா?

காரின் மாடலைக் கணினியில் தேர்ந்தெடுத்து பிளாட்டரில் வெட்டினால், உங்கள் கண்ணாடி மேல் கத்தி படாது. கையால் கண்ணாடியின் மேலேயே வெட்டும்போது அழுத்தம் கூடினால் கண்ணாடியில் கோடு விழும், பின் கண்ணாடியில் பனி நீக்கும் சூட்டுக் கம்பி அறுபடலாம். ஆனால் பழகிய கை வெட்டும் ஓரம் மெஷினைவிடக் கச்சிதமாக இருப்பதும் உண்டு. புதிதாகப் போகும் கடை என்றால் மெஷின் வெட்டுக்குப் போங்கள்.

ஃபிலிம் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுருளை அதன் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். பல நிறுவனங்கள் ஃபிலிமின் பின்னால் உரித்தெடுக்கும் தாளில் பெயரை அச்சிடுகின்றன. ஒட்டும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில்லில் நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது, ஃபிலிமின் முழு மாடல் பெயரும் எந்தக் கண்ணாடிக்கு எது என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஒரே நிறுவனம் மலிவான சாய ஃபிலிமும் விலை கூடிய செராமிக்கும் விற்கும். முன் கதவில் ஒன்று, பின்பக்கம் இன்னொன்று என்று மாற்றி ஒட்டுவதற்கு இந்த இடைவெளி போதும். உத்தரவாதத்தை நிறுவனத்தின் தளத்தில் உங்கள் வண்டி எண்ணோடு பதிவுசெய்து, கடையை விட்டுக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

புது கார் வாங்கும்போது ஷோரூமிலேயே ஒட்டித் தருகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

என்ன ஃபிலிம், யார் ஒட்டுகிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள். "இலவசமாக சன் ஃபிலிம்" என்பது பெரும்பாலும் இருப்பதிலேயே மலிவான சாய ஃபிலிம். இரண்டு வருடத்தில் அதை உரிக்கச் செலவு செய்வதைவிட, அதை வேண்டாமென்று சொல்லி அந்தத் தொகைக்கு வேறு சலுகை கேட்பது மேல்.

உத்தரவாதம் எதற்கெல்லாம் பொருந்தும்?

நிறம் மாறுவது, குமிழ் வருவது, பசை விடுவது, அடுக்குப் பிரிவது ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. தூசி, மடிப்பு, ஓரம் தூக்குவது ஒட்டியவரின் பொறுப்பு. இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். கெட்டுப்போன ஃபிலிமை உரித்து மறுபடி ஒட்டும் கூலியும் சேர்ந்ததா, ஃபிலிம் மட்டும்தானா என்று கேளுங்கள். "லைஃப்டைம்" என்ற சொல் அட்டையில் இருந்தால் யாருடைய காலம் வரை என்றும் பாருங்கள். பொதுவாக அது நீங்கள் அந்தக் காரை வைத்திருக்கும் வரைதான்.

ஒட்டியபிறகு என்ன செய்யக் கூடாது?

மூன்று முதல் ஐந்து நாள் வரை ஜன்னலை இறக்காதீர்கள். பசை பிடிக்கும் முன் இறக்கினால் ரப்பர் ஃபிலிமின் ஓரத்தை உரித்துவிடும். சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், வீட்டில் எல்லாருக்கும் நினைவிருக்காது. சில வாரங்களுக்கு உள்பக்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டாம். குளிர், மழைக் காலத்தில் காய இன்னும் நாளாகும்.

குமிழ் தெரிகிறது. மறுபடி ஒட்டச் சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். முதல் சில வாரங்களில் தெரியும் நீர்க் குமிழும் மங்கலான திட்டுகளும் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான், வெயிலில் நிறுத்த நிறுத்த ஆவியாகிப் போகும். தானாகப் போகாதவை மூன்று: நடுவில் ஒரு கடினப் புள்ளியோடு இருக்கும் கூடாரம் போன்ற குமிழ், அது தூசி. விரல் வடிவில் நீளமாகத் தூக்கி நிற்கும் ஓரம், அது சரியாகச் சுருங்காத ஃபிலிம். வெள்ளைக் கோடாகத் தெரியும் மடிப்பு. இவற்றை அன்றே போட்டோ எடுத்துக் காட்டிவிடுங்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று யாரையும் விடாதீர்கள்.

கண்ணாடி ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிப் பட்டையில் மட்டும் ஃபிலிம் முழுதாக ஒட்டாமல் வெளிறித் தெரிவது பல கார்களில் இயல்பு. அந்தப் புள்ளிகள் கண்ணாடியின் மேல் மேடாக இருப்பதால், பசை பள்ளம் வரை போவதில்லை. அதற்காக ஒட்டியவரைக் குறை சொல்ல முடியாது.

எப்படிச் சுத்தம் செய்வது?

மைக்ரோஃபைபர் துணி, லேசான சோப்புத் தண்ணீர். அம்மோனியா கலந்த கண்ணாடிக் கிளீனர் வேண்டாம். காய்ந்த துணியும் வேண்டாம், தூசியே ஃபிலிமைக் கீறிவிடும்.

வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாமா?

சின்னத் தட்டையான கதவுக் கண்ணாடியில் பழகிப் பார்க்கலாம். பின் கண்ணாடியும் முன் கண்ணாடியும் வேண்டாம்.

விபத்தில் கண்ணாடியை உடைத்து வெளியே வர ஃபிலிம் தடையாகுமா?

கதவுக் கண்ணாடி உடைந்தால் சாதாரணமாகத் துகளாக உதிரும். ஃபிலிம் இருந்தால் துகள்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டு ஒரு தாளாகத் தொங்கும். முகத்தில் கண்ணாடி தெறிக்காது என்பது நன்மை. வெளியேறும்போது சுத்தியலால் ஓரத்தில் அடித்து உடைத்தபின் காலால் அந்தத் தாளை வெளியே தள்ள வேண்டும். வழக்கமான சன் ஃபிலிம் 40, 50 மைக்ரான் தடிமன்தான் இருக்கும், தள்ளினால் போகும். 100 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள பாதுகாப்பு ஃபிலிம் அவ்வளவு சுலபமாக வழிவிடாது. அதை ஒட்டுவதற்கு முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியலும் பெல்ட் வெட்டும் கத்தியும் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

பழைய ஃபிலிமை எப்படி எடுப்பது?

பழைய ஃபிலிமின் மேலேயே புதியதை ஒட்டித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ஸ்டீமரால் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக, ஃபிலிமும் பசையும் ஒன்றாக வரும்படி உரிக்க வேண்டும். இழுத்துப் பிய்த்தால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். பின் கண்ணாடியில்தான் ஆபத்து. அங்கே பிளேடு போட்டுச் சுரண்டினால் பனி நீக்கும் சூட்டுக் கம்பிகள் அறுந்துபோகும், சில கார்களில் ரேடியோ ஆன்டெனாவும் சேர்ந்து போகும். பசையை ஊறவைத்து, கம்பிகள் ஓடும் திசையிலேயே மென்மையாகத் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அந்தச் சூட்டுக் கம்பி சுவிட்சைப் போட்டு, ஒவ்வொரு கம்பியும் வேலை செய்கிறதா என்று கடைக்காரரை வைத்துக்கொண்டே பார்த்துவிடுங்கள்.